பவல் ஏரிக்குப் படகோடு போகுமுன் பார்க்க வேண்டிய எண்

வட அமெரிக்காவில் வாழும் எம்மவர் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழகிப்போன கோடைச் சுற்றுலா ஒன்று உண்டு. லாஸ் வேகாஸில் விமானத்தால் இறங்கி, ஏழு பேர் ஏறக்கூடிய வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கிராண்ட் கன்யனை எட்டிப் பார்த்துவிட்டு, அரிசோனா–யூட்டா எல்லையிலுள்ள பேஜ் என்ற சிறு நகரில் இரண்டு இரவு தங்குவார்கள். அங்கே குதிரை லாட வளைவில் படம் எடுத்து, அன்டிலோப் கன்யனின் பாறை இடுக்குக்குள் நடந்து முடித்த பிறகு பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கேட்பார்கள். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே பாலைவனத்தில் நீலமாகக் கிடக்கும் பவல் ஏரி அது. நிரம்பியிருந்தால் நீளம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். கிளைப் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்து நுழைந்து வளையும் அதன் கரையின் நீளமோ 3,000 கிலோமீற்றருக்கும் மேல்.

இந்த ஏரிக்கு அடிக்கடி போகிறவர்கள் கிளம்பும் முன் காலநிலையைப் பார்ப்பதில்லை. முதலில் ஓர் எண்ணைத்தான் பார்ப்பார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏரி நீர் எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது என்பதே அந்த எண். முழுமையாக நிரம்பினால் 3,700. அது 3,490க்குக் கீழே இறங்கினால் கிளென் கன்யன் அணைக்கட்டின் மின் உற்பத்தி நின்றுவிடும். 3,370 வரை போனால் அணையைத் தாண்டி ஆற்றுக்குத் தண்ணீரே இறங்காது. 2023 வசந்தத்தில் இந்த எண் 3,520 அளவுக்கு வந்தது. 1960களில் ஏரி முதன்முதலாக நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்த மட்டம் இருந்ததில்லை. கொள்ளளவில் நாலில் ஒரு பங்குகூட அப்போது இல்லை. அந்த ஆண்டு மலைகளில் கொட்டிய பனி உருகி ஏரியை 60 அடிக்கும் மேல் உயர்த்தியது. அதன் பிறகு வந்த மெலிந்த ஆண்டுகள் அந்த வரவின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. 2025 முடியும்போது ஏரியில் இருந்தது கொள்ளளவின் 30 வீதத்துக்கும் குறைவு.

விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்கலாம். ஆனால் இந்த ஏரியைப் பங்கிடும் விதிகள் 2026உடன் காலாவதியாகின்றன. 2007இல் எழுதப்பட்ட அந்த விதிகளுக்குப் பதிலாக எதை வைப்பது என்று கொலராடோ ஆற்றைப் பங்கிடும் ஏழு மாநிலங்களும் ஆண்டுக்கணக்கில் பேசி வருகின்றன. மத்திய அரசு விதித்த 2025 நவம்பர் 11 என்ற கெடு உடன்பாடில்லாமலே கடந்துபோனது. படகை எங்கே இறக்கலாம், கூடாரத்தை எந்தக் கரையில் அடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதும் இந்த இழுபறியே. அதைவிடப் பெரிதாக, ஏறத்தாழ 40 மில்லியன் பேரின் குடிநீரும் அதில்தான் தங்கியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸிலோ பீனிக்ஸிலோ லாஸ் வேகாஸிலோ இருக்கும் எம்மவர் வீட்டுக் குழாயில் வருவதிலும் இந்த ஆற்றின் பங்கு இருக்கிறது.

மணலில் கூடாரம், பாறையில் கோடு

பேஜிலிருந்து சில மைல் தொலைவில், யூட்டாப் பக்கம், லோன் ரொக் என்றொரு கடற்கரை போன்ற இடம் உண்டு. வாவீப் குடாவில் தனியாக நிற்கும் பெரும் பாறையின் பெயரே அதற்கும். கட்டணம் செலுத்திவிட்டு வாகனத்தை மணலிலேயே இறக்கி, தண்ணீருக்குப் பக்கத்தில் கூடாரம் அடிக்கலாம். குறித்து ஒதுக்கிய இடம் என்று எதுவும் கிடையாது. முதலில் வந்தவர் நல்ல இடம் பிடிப்பார். முன்சக்கர இயக்கம் மட்டுமுள்ள வாடகைக் காரைத் தண்ணீர் ஓரம் வரை கொண்டுபோனால், பாதி நாள் மணலைத் தோண்டுவதிலேயே போய்விடும். இன்னும் உள்ளே போக விரும்புகிறவர்கள் படகுவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றின் மணல்திட்டில் அதை ஏற்றி நிறுத்தி, நங்கூரங்களை மணலில் புதைத்துவிட்டு மூன்று நாலு நாள் தங்குவார்கள். இரவில் விண்மீன் கூட்டம் தலைக்கு மேல் கொட்டிக் கிடக்கும். கைத்தொலைபேசிக்கு அங்கே பெரும்பாலும் சமிக்ஞை கிடையாது. உதவிக்கு அழைக்க வேண்டுமென்றால் கடல் வானொலியின் 16ஆம் அலைவரிசையே வழி.

பிள்ளைகளோடு போகும் பெற்றோருக்குச் சில விடயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே நீரில் மூழ்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் உயிர்காப்பு அங்கி அணியாதவர்கள். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் ஓடும் படகில் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். நீந்தத் தெரியாத பெரியவர்கள் எமக்குள் நிறையப் பேர் இருப்பதால், சட்டம் கேட்காவிட்டாலும் எல்லோரும் அணிவதே புத்தி. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. படகுவீட்டின் மின்பிறப்பாக்கி ஓடும்போது பின்புறத் தளத்தின் கீழே நச்சுப் புகை தேங்கும். அதில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் 11, 8 வயதுச் சகோதரர்கள் இருவர் இந்த ஏரியில், படகுவீட்டின் பின்னால் நீந்திக்கொண்டிருந்தபோது இப்படித்தான் இறந்தார்கள். அந்த மரணங்களுக்குப் பிறகே இவ்வகைப் படகுகளின் வடிவமைப்பு நாடளாவிய விசாரணைக்கு உள்ளானது. மின்பிறப்பாக்கி ஓடும் வரை பின்புறத்தில் யாரும் நீந்தக் கூடாது.

பாறை இடுக்குகளுக்குள் நடப்பவர்கள் தலைக்கு மேல் தெரியும் வானத்தை நம்பக் கூடாது. 1997 ஓகஸ்ட் 12 அன்று அன்டிலோப் கன்யனின் கீழ்ப்பகுதியில் 11 சுற்றுலாப் பயணிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மழை பெய்தது பல மைல்களுக்கு அப்பால். ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்த ஆபத்து அதிகம். மற்றபடி, கரையில் முகாமிடுபவர்கள் கழிவறை இல்லாத இடங்களில் எடுத்துச் செல்லும் கழிகலத்தைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்பதும், குவாக்கா என்ற சிப்பி இனம் ஏரியில் பரவிவிட்டதால் வெளியேறும்போது துடுப்புப் படகைக்கூட வடித்து உலர்த்த வேண்டும் என்பதும் பூங்கா விதிகள்.

படகு இறக்கும் சரிவுப்பாதைகளிலும் அந்த எண்ணே ஆட்சி செய்கிறது. ஒவ்வொரு சரிவுப்பாதையின் கொங்கிறீற்றும் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் முடிந்துவிடும். தண்ணீர் அதற்குக் கீழே போனால் படகை இறக்க முடியாது. 2021 கோடையில் வாவீபின் பிரதான சரிவுப்பாதை படகுவீடுகளுக்குப் பயன்படாமல் போக, ஸ்டேட்லைன் என்ற இடத்தில் பழைய பாதை ஒன்றைத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. டாங்ளிங் ரோப் என்ற நடு ஏரிப் படகுத்துறையில் பெற்றோல் நிரப்பிக்கொள்ளும் வசதி இருந்தது. காற்றில் சேதமாகி 2021இல் மூடப்பட்ட அது திரும்பத் திறக்கப்படவில்லை. மட்டம் 3,580 அளவுக்குக் கீழே இறங்கினால் காஸில் ரொக் கால்வாயும் வற்றிவிடும். அப்போது வாவீபிலிருந்து ஏரியின் மேற்பகுதிக்குப் போகிறவர்கள் ஏறத்தாழ 12 மைல் சுற்ற வேண்டும். படகுவீடு குடிக்கும் பெற்றோலைக் கணக்குப் பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும்.

தண்ணீரில் போகும்போது எல்லோர் கண்ணிலும் படுவது சுவரிலுள்ள வெள்ளைக் கோடு. சிவப்பு மணற்பாறையில், முன்பு தண்ணீர் நின்ற உயரம் வரை சுண்ணாம்புப் படிவு அப்பியிருக்கிறது. குளியல் தொட்டியில் அழுக்குப் படியும் வளையத்தின் பெயரையே அமெரிக்கர்கள் அதற்கும் வைத்துவிட்டார்கள். ஏரி 3,550 அடியில் நிற்கும்போது அந்தப் பட்டையின் உயரம் 150 அடி. பதினைந்து மாடிக் கட்டடத்தின் அடியில் படகு ஓட்டுவதற்குச் சமம் அது. பயண நிறுவனங்களின் விளம்பரப் படங்களில் இந்தப் பட்டை அகலமாகத் தெரிவதைக் காண்பது அரிது.

இல்லாத தண்ணீரைப் பங்கிட்டவர்கள்

இந்தக் கோடு வறட்சியால் மட்டும் வந்ததென்று சொல்வது பாதி உண்மை. மற்றப் பாதி 1922இல் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில், பின்னாளில் ஜனாதிபதியான ஹேர்பேர்ட் ஹூவரின் தலைமையில், நியூ மெக்ஸிகோவின் சாண்டா ஃபே நகருக்கு அருகே மாநிலப் பிரதிநிதிகள் கூடி ஆற்றை எழுத்தில் பிரித்தார்கள். மேல்படுகை மாநிலங்களான கொலராடோ, யூட்டா, வயோமிங், நியூ மெக்ஸிகோவுக்கு ஆண்டுக்கு 7.5 மில்லியன் ஏக்கர் அடி. கீழ்ப்படுகையின் கலிபோர்னியா, அரிசோனா, நெவாடாவுக்கு இன்னொரு 7.5 மில்லியன். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி, ஏறத்தாழ 12 இலட்சம் லீற்றர். பிறகு 1944 உடன்படிக்கையில் மெக்ஸிகோவுக்கு 1.5 மில்லியன் சேர்ந்தது. ஆக எழுத்தில் 16.5 மில்லியன். அவர்கள் கையிலிருந்த அளவீடுகள் வழமைக்கு மாறாக ஈரமான காலத்தவை என்பதைப் பின்னர் மர வளையங்களை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். 2000க்குப் பின்னர் ஆற்றின் சராசரி வரவு 12.5 மில்லியன் அளவில்தான் இருக்கிறது. வெப்பம் கூடக்கூடப் பனி உருகி ஆற்றை அடையும் முன்னரே மண்ணும் காற்றும் அதைக் குடித்துவிடுகின்றன.

1869இல் மரப்படகுகளில் இந்தப் பள்ளத்தாக்குகளைக் கடந்து சென்ற ஜோன் வெஸ்லி பவல் இதை முன்பே எச்சரித்தவர். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த அந்தப் புவியியலாளர், 1893இல் லாஸ் ஏஞ்சலிஸில் கூடிய நீர்ப்பாசன மாநாட்டில், மேற்குலகின் நிலத்துக்கெல்லாம் போதிய தண்ணீர் கிடையாது, நீங்கள் வழக்குகளையும் சண்டைகளையும்தான் சேர்த்துவைக்கிறீர்கள் என்ற பொருள்படப் பேசினார். கூட்டத்தினர் கூச்சலிட்டார்கள். அவர் பெயரையே பிறகு ஏரிக்கு வைத்தார்கள்.

ஏரி ஏன் கட்டப்பட்டது என்பதையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். விடுமுறைக்காகவும் அல்ல, அந்தப் பிரதேசத்தின் குடிநீருக்காகவும் அல்ல. பத்து ஆண்டுகளில் 75 மில்லியன் ஏக்கர் அடிக்குக் குறையாமல் கீழே விட வேண்டும் என்று மேல்படுகை ஒப்புக்கொண்டிருக்கிறது. நல்ல ஆண்டில் சேமித்து, கெட்ட ஆண்டில் அந்தக் கடனைக் கட்டுவதற்கான வங்கிக் கணக்கே பவல் ஏரி. 1956இல் வேலை தொடங்கியது. 1963 மார்ச்சில் கதவுகள் மூடப்பட்டன. நிரம்பி முடிய 1980 ஆகிவிட்டது, பதினேழு ஆண்டுகள். கிளென் கன்யன் என்ற பள்ளத்தாக்கு அதன் அடியில் போனது. யூட்டாப் பல்கலைக்கழகமும் வட அரிசோனா அருங்காட்சியகமும் அனுப்பிய தொல்லியலாளர்கள், தண்ணீர் ஏறும் முன் ஓடியோடி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொல்லிடங்களைப் பதிவு செய்தார்கள். மூழ்கியவற்றில் 1776இல் ஸ்பானியப் பாதிரிமார் ஆற்றைக் கடந்த துறையும் ஒன்று. சுற்றுச்சூழல் இயக்கத்தின் டேவிட் ப்ரவர், வேறோர் இடத்தில் வரவிருந்த அணையைத் தடுக்கப் போராடி வென்றவர். கிளென் கன்யனை அப்போது எதிர்க்காமல் விட்டது அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது.

இப்போது தண்ணீர் இறங்க இறங்க அந்தப் பள்ளத்தாக்கு திரும்பி வருகிறது. பாறை வளைவுகளும் அருவிகளும் வெளியே தெரிகின்றன. பக்கக் கன்யன்களில் வில்லோ, கொட்டன்வூட் மரங்கள் முளைத்து ஆளுயரத்தைத் தாண்டிவிட்டன. பல ஆண்டுகளாக ஏரிக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் இதைப் பார்க்கவே இப்போது கால்நடையாகப் போகிறார்கள்.

கரையில் இருப்பவர்களின் குழாய்

ஏரியின் தென்கரை முழுவதும் நவாஹோ தேசத்தின் நிலம். பேஜ் நகர் நிற்கும் மேட்டுநிலம்கூட அவர்களிடமிருந்து, அணை வேலையாட்களைக் குடியமர்த்துவதற்காக, 1958இல் யூட்டாவில் வேறு நிலம் கொடுத்து மாற்றிக்கொள்ளப்பட்டதுதான். இந்த மக்களின் வரலாற்றை எமது வாசகர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். 1860களில் அமெரிக்க இராணுவம் அவர்களின் பயிர்களையும் பழமரங்களையும் அழித்து, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல நூறு கிலோமீற்றர் நடக்கவைத்து, நியூ மெக்ஸிகோவின் கிழக்கே ஒரு முகாமில் அடைத்தது. நடந்தே பலர் இறந்தார்கள். முகாமில் குடிக்கக் கிடைத்த தண்ணீர் உவர்ப்பு. நாலு ஆண்டுகளுக்குப் பின், 1868 ஜூனில், அவர்களின் தலைவர்கள் பேச்சு நடத்தி உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டு, சொந்த மண்ணுக்கே திரும்பினார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளில் அப்படித் தம் நிலத்துக்கே திரும்ப முடிந்தவர்கள் மிகச் சிலர். வேளாண்மை செய்து வாழ்வதற்கான நிரந்தர வாழிடம் என்று அந்த உடன்படிக்கை சொன்னது. தண்ணீர் பற்றி வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை.

அந்த மௌனம் 155 ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் ஏறியது. தண்ணீர் இல்லாமல் வாழிடம் எப்படி வாழிடமாகும், எமக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்கிட்டுத் திட்டமாவது தாருங்கள் என்பதே நவாஹோ தேசத்தின் கோரிக்கை. 2023 ஜூன் 22இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அதை நிராகரித்தது. தண்ணீருக்கான உரிமையை உடன்படிக்கை ஒதுக்கியிருக்கலாம், ஆனால் அதைப் பெற்றுத்தர அரசு முனைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியில்லை என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கவனா. டொனால்ட் ட்ரம்ப் நியமித்த நீதிபதிகளில் ஒருவரான கோர்சச், நவாஹோ பக்கம் நின்று எதிர்த் தீர்ப்பு எழுதினார்.

நவாஹோ தேசத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவிலான வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. தாங்கிகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றி, மண் பாதையில் மணிக்கணக்காக ஓட்டிப் போய் நிரப்பி வருகிறார்கள். முகாமுக்குப் போகும் குடும்பம் மூன்று நாளைக்குத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்குவதை விளையாட்டாக நினைக்கலாம். அவர்களுக்கு அது ஆண்டு முழுவதற்குமான வேலை. பேஜ் ஓரத்தில் 2019 நவம்பர் வரை நவாஹோ நிலத்தில் ஒரு பெரும் நிலக்கரி மின்நிலையம் ஓடியது. குளிர்விக்க ஏரித் தண்ணீர், எரிக்கப் பிளக் மேசாவின் நிலக்கரி. அதன் மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கு எதற்குப் போனது தெரியுமா? கொலராடோ ஆற்று நீரைப் பீனிக்ஸுக்கும் டூஸானுக்கும் மலையேற்றிக் கொண்டுபோகும் பம்பிகளுக்கு.

ஏரி நிரம்பியிருப்பது நவாஹோ மக்களுக்கு எப்போதும் நன்மை என்றும் சொல்லிவிட முடியாது. படகில் 50 மைல் போய்ப் பார்க்கும் ரெயின்போ பிரிட்ஜ் என்ற 290 அடி உயரக் கற்பாலம் அவர்களுக்கும் ஹோப்பி உள்ளிட்ட வேறு பல மக்களுக்கும் புனிதத் தலம். 1970களில் ஏரி நீர் அதன் காலடிக்கு ஏறியபோது, நவாஹோ குடியினர் சிலரும் அவர்களின் உள்ளூர்ச் சபைகளும் வழக்குத் தொடுத்தார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1980இல் தள்ளுபடி செய்தது. தண்ணீர் இறங்கிய பிறகே அந்த இடம் மீண்டும் உலர்ந்த நிலமாகியிருக்கிறது. பாலத்தின் அடியால் நடக்க வேண்டாம் என்று பூங்காச் சேவை இன்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கிறது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது: அன்டிலோப் பொயின்ற் படகுத்துறை நவாஹோ நிலத்தில் நிற்கிறது, வேலையும் வருமானமும் தருகிறது. தண்ணீர் வற்றினால் அந்த வேலைகளும் வற்றும். வெளியிலிருந்து வந்து, பூர்வகுடிகளுக்கு ஏரி வேண்டாம் என்று அவர்கள் சார்பில் முடிவெடுப்பது எமது வேலை அல்ல.

யாருடைய எண் முதலில்?

பேச்சுவார்த்தையின் முடிச்சு இதுதான். கீழ்ப்படுகை மாநிலங்கள் 2024இல் ஆண்டுக்கு 1.5 மில்லியன் ஏக்கர் அடி வரை தாம் குறைத்துக்கொள்வதாகவும், அதற்கு மேல் தேவைப்பட்டால் எல்லோரும் பங்கேற்க வேண்டும் என்றும் முன்வைத்தன. மேல்படுகையோ, எமக்கு மேலே பெரிய தேக்கம் எதுவும் இல்லை, பனி குறைந்தால் எமது விவசாயிகளுக்கு அந்த ஆண்டே குறைகிறது, கட்டாய வெட்டு எதற்கு என்கிறது. இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. இரணைமடுத் தண்ணீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுபோவது பற்றிக் கிளிநொச்சி விவசாயிகளோடு நடந்த இழுபறியைப் பார்த்த எமக்கு இது புதிதல்ல. ஒரே மொழி பேசும் இரண்டு மாவட்டங்களுக்கு இடையிலேயே அது தீராமல், கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எழுந்தது. கொலராடோவின் மேல்படுகைக்குப் பக்கத்தில் கடலும் இல்லை.

இந்த விவாதத்தில் சுற்றுலாத்துறையின் குரல் உரத்துக் கேட்கிறது. ஏரியை 3,500க்கு மேல், முடிந்தால் 3,588க்கு மேல், வைத்திருங்கள் என்கிறார்கள் படகுக்காரர்கள். பேஜில் விடுதியும் உணவகமும் நடத்துகிறவர்களின் பயம் உண்மையானது. அதை ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் என் கணிப்பில், அவர்கள் கேட்பது ஆற்றிடம் இல்லாத ஒன்றை. இருக்கும் தண்ணீரை மேலே பவலில் வைத்தால் கீழே மீட் ஏரி இறங்கும், கீழே வைத்தால் பவல் இறங்கும். இரண்டையும் நிரப்பும் அளவுக்கு ஆறு வரவில்லை. மீட் ஏரியை முதலில் நிரப்பி, கிளென் கன்யனை ஆறாகவே விட்டுவிடலாம் என்று 1996 முதல் இயங்கும் கிளென் கன்யன் நிறுவகம் சொல்லும்போது முன்பு சிரித்தவர்கள், இப்போது குறிப்பெடுக்கிறார்கள்.

அவசரமாகக் கவனிக்க வேண்டியது சரிவுப்பாதைகளை அல்ல, அணையின் குழாய்களை. மட்டம் 3,490க்குக் கீழே போனால் டர்பைன்கள் வழியாகத் தண்ணீர் விட முடியாது. மிஞ்சுவது அடியிலுள்ள நாலு வெளியேற்றுக் குழாய்கள். அவை நீண்ட காலம் இடைவிடாமல் ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. 2023 ஏப்ரலில், ஏரி தாழ்ந்திருந்தபோது அவற்றின் வழியே பெருமளவு நீர் விட்டதில், உள்ளே குமிழ்கள் வெடித்து உலோகம் அரிந்துபோயிருந்தது. உட்பூச்சு பூசித் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் கிராண்ட் கன்யன் வழியே ஓடும் ஆறும், கீழே பல மில்லியன் மக்களின் நீரும், இந்த நாலு குழாய்களை நம்பி நிற்கும் நாள் வரலாம் என்பதைக் கூட்டாட்சி அரசின் கணிப்புகளே மறுக்கவில்லை. கொஞ்சமும் ஆடம்பரமில்லாத, அரசியல்வாதி நாடா வெட்ட முடியாத இந்தப் பொறியியல் வேலைக்குத்தான் முதலில் பணம் வேண்டும்.

அடுத்தது குழாயில்லாத வீடுகள். 2024இல் நவாஹோ, ஹோப்பி, சான் ஹுவான் தென் பாயூட் ஆகிய மூன்று தேசங்களும் அரிசோனாவோடு ஒரு தண்ணீர்த் தீர்வில் ஒப்பமிட்டன. நிறைவேறினால் பவல் ஏரியிலிருந்து நீர் எடுத்து நவாஹோ, ஹோப்பிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுசெல்லும் குழாய்த்திட்டம் உட்பட 5 பில்லியன் டொலர் வேலைகள் நடக்கும். அதற்குக் காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும். மேல்படுகைத் தண்ணீரைக் கீழ்ப்படுகை நிலத்தில் பயன்படுத்தலாமா என்ற மற்ற மாநிலங்களின் ஆட்சேபம் ஒரு முட்டு, செலவு இன்னொரு முட்டு. 1922 ஒப்பந்தத்தில் பூர்வகுடிகளைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வாக்கியம். படுகையில் உள்ள பூர்வகுடித் தேசங்களோ 30. இந்த முறையும் மாநிலங்கள் தமக்குள் முடித்துக்கொண்டு அவர்களுக்குக் கடைசியில் சொல்வதாக இருந்தால், 2026 விதிகள் 1922இன் மறுபதிப்பாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் வாக்குரிமை பெற்ற எம்மவர், முக்கியமாக அரிசோனா, கலிபோர்னியா, கொலராடோ மாநிலங்களில் இருப்பவர்கள், தமது காங்கிரஸ் உறுப்பினரிடம் இந்தத் தீர்வுச் சட்டம் பற்றிக் கேட்கலாம். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிக் கேட்டு அதே அலுவலகங்களின் கதவைத் தட்டிய அனுபவம் எமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இனி, போக முடிவெடுத்தவர்களுக்கு. மலைப்பனி உருகி வரும் நீர் வழமையாக ஜூன் பிற்பகுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ ஏரியை அந்த ஆண்டின் உச்சத்துக்குக் கொண்டுவரும். அதன் பிறகு மட்டம் மெல்ல இறங்கும். எந்தச் சரிவுப்பாதை திறந்திருக்கிறது என்பதைத் தேசியப் பூங்காச் சேவையும், அடுத்த 24 மாதங்களுக்கான மட்டக் கணிப்பை நீர்வளச் சீரமைப்புப் பணியகமும் வெளியிடுகின்றன. படகுவீட்டுக்கு முற்பணம் கட்டும் முன் இரண்டையும் பாருங்கள். நீர்மட்டம் காரணமாகப் பயணம் நின்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேஜில் அன்டிலோப் கன்யனுக்கு நவாஹோ வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில் அவரோடு பேசிப் பாருங்கள். ஏரியின் வடமுனையிலுள்ள ஹைட் பக்கம் போகிறவர்கள் படகைக் கட்டி இழுத்துப் போக வேண்டாம். அங்குள்ள சரிவுப்பாதை தண்ணீரைத் தொட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. அதற்கு முன்னால், ஏரி விட்டுப்போன வண்டலை அரித்துக்கொண்டு, கொலராடோ ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது.